கிவி நாணயத்தில் முதலில் ஆண்டைப் பாருங்கள்

கேள்வி: நியூசிலாந்தில் ஹாமில்டனில் வசிக்கிறோம். நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் பரணில், கிவிப் பறவை பொறித்த இரண்டு ஷில்லிங் நாணயங்கள் ஒரு தகர டப்பா நிறைய இருந்தன. மொத்தமாக எடை போட்டு வாங்கிக்கொள்வதாக ஒரு வியாபாரி சொல்கிறார். இவை வெள்ளிதானா? கொடுத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். கிவி இருக்கும் பக்கத்தில் ஆண்டு இருக்கிறது. அதைப் பார்த்து இரண்டாகப் பிரியுங்கள். 1933 முதல் 1946 வரையிலான நாணயத்தில் பாதி வெள்ளி, அதாவது 11.31 கிராமில் சுமார் 5.65 கிராம். அதற்குப் பிந்தியவை வெறும் செம்பும் நிக்கலும்தான்.

எடை போட்டு வாங்குபவர் இந்த இரண்டையும் கலந்தே வைத்திருக்க விரும்புவார். இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே எடை. தராசு எதையும் காட்டிக்கொடுக்காது. குவியலுக்கு நிக்கல் விலை பேசி, வீட்டுக்குப் போய் வெள்ளியைப் பொறுக்கிக்கொள்வார். சந்தையில் காந்தத்தை வைத்து, "பாருங்கள், ஒட்டவில்லை, அசல் வெள்ளி" என்று பிந்திய நாணயங்களை விற்பவர்களையும் நம்பாதீர்கள். செம்பு நிக்கல் கலவையும் காந்தத்தில் ஒட்டாது.

1947தான் பலரை ஏமாற்றும் ஆண்டு. ஆறாம் ஜார்ஜ் முகத்தைச் சுற்றி 'மன்னர், பேரரசர்' என்ற ஆங்கில வாசகம் இருந்தால் வெள்ளி என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அது தவறு. இந்தியா விடுதலை பெற்றபின், 1948 நாணயத்திலிருந்துதான் 'பேரரசர்' போனது. வெள்ளியோ 1947இலேயே போய்விட்டது. ஆகவே 1947 நாணயத்தில் பேரரசர் இருப்பார், வெள்ளி இருக்காது. வாசகத்தை விட்டுவிட்டு ஆண்டை மட்டும் பாருங்கள்.

ரிசர்வ் வங்கிக்குக் கொண்டுபோனால் முகமதிப்புதான், நாணயத்துக்கு 20 சென்ட். உள்ளே இருக்கும் வெள்ளி அவர்கள் கணக்கில் வராது. நாட்டின் பெயரால் அச்சிட்ட காசுக்கு இந்த மரியாதை! பழம்பொருள் வியாபாரிக்கு அரசு உரிமம் கட்டாயம் என்பது உண்மைதான். ஆனால் அந்த உரிமம் ஆளைத்தான் பார்க்கும். அவர் தரும் விலை நியாயமா என்று பார்க்காது.

கறுத்திருக்கிறதே என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். சேகரிப்பவர்கள் தேய்த்த காசுக்கு விலையைக் குறைப்பார்கள். 1936 கிடைத்தால் தனியே எடுத்து வையுங்கள், அது அரிது. மற்ற வெள்ளிக் காசுகளை எண்ணி, 5.65ஆல் பெருக்கி, அன்றைய வெள்ளி விலையைப் போட்டுப் பாருங்கள். அந்தத் தொகையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு குறைந்தது இரண்டு நாணய வியாபாரிகளிடம் விலை கேளுங்கள்.