குரங்குப் பையும் ஒரு குட்டிச் சிலுவையும்

கேள்வி: ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில், மூடியில் மாட்டு முடி உள்ள ராணுவ முதுகுப்பை ஒன்றை 140 யூரோவுக்கு வாங்கினேன். இரண்டாம் உலகப்போரில் ஹிட்லரின் படைவீரர் சுமந்தது என்றார் விற்றவர். ஓரமெல்லாம் தடித்த தோல். உள்ளே ஒரு பெயர், லூசெர்ன் என்ற ஊர், 1944, பக்கத்தில் சின்னச் சிலுவை. அசல்தானா? என்ன மதிப்பு? தேங்காய் எண்ணெய் தடவி வைக்கலாமா?

பதில்: அசல்தான். ஆனால் ஜெர்மன் பை இல்லை. லூசெர்ன் சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. நான்கு கையும் சம நீளத்தில் உள்ள அந்தச் சிலுவை சுவிஸ் ராணுவ முத்திரை. பெயர் பெரும்பாலும் பையைத் தைத்த தோல் வேலைக்காரருடையதாக இருக்கும். சுவிஸ் முடிப் பையை ஜெர்மன் பை என்று விற்பது இந்தச் சந்தையில் தினப்படி நடப்பது. விற்றவர் தெரிந்தே சொன்னார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு யாராவது அப்படிச் சொல்லி விற்றிருப்பார்கள்.

முத்திரையே அழிந்து போயிருந்தாலும் 1944 என்ற ஆண்டு ஒன்று போதும், எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். அந்த ஆண்டில் ஜெர்மனியில் தோலுக்குக் கடும் தட்டுப்பாடு. போரின் போக்கில் மூடியிலிருந்து முடியை எடுத்துவிட்டு வெறும் கேன்வாஸ் மூடியோடு பை தைத்தார்கள். தோல் வார் வர வேண்டிய இடங்களில் கேன்வாஸ் பட்டையும், பிரெஸ்டாஃப் என்ற அழுத்தித் தயாரித்த போலித் தோலும் வந்தன. அப்படிப்பட்ட காலத்தில் இவ்வளவு தோலைக் கொட்டி யார் பை தைத்திருப்பார்கள்?

ஜெர்மன் முடிப் பை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால் அடுத்த முறை உதவும். அதன் பெயர் டோர்னிஸ்டர். படைவீரர்கள் அதை ‘அஃபெ’, அதாவது குரங்கு என்றே கூப்பிட்டார்கள். முதுகில் முடியோடு ஒன்று தொற்றிக்கொண்டிருந்தால் வேறென்ன சொல்வது! முடி அழகுக்காக இல்லை, மழைத் தண்ணீர் வழிந்து ஓடத்தான். 1934 மாதிரியில் தோள்வார்கள் பையோடு சேர்ந்தே இருக்கும். 1939 மாதிரிக்குத் தோள்வாரே கிடையாது; இடுப்புப் பெல்ட்டைத் தாங்கும் வார்களில் உள்ள வளையங்களில் பையைக் கொக்கியால் மாட்டுவார்கள். தோள்வார் அறுந்துவிட்டது என்று நினைத்து 1939 மாதிரியைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வாங்குகிறவருக்கு யோகம்.

முத்திரையில் பொதுவாகத் தயாரிப்பாளர் பெயர், ஊர், ஆண்டு இருக்கும். 1942-ஐ ஒட்டி, பெயருக்குப் பதிலாக ‘ஆர்பி’ எழுத்துகளோடு 0/ என்று தொடங்கும் நீளமான எண் வர ஆரம்பித்தது. அந்த எண்ணும் 1938 என்ற ஆண்டும் ஒரே பையில் இருந்தால், கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். ‘ஆர்இசட்எம்’ என்ற எழுத்துகள் இருந்தால் பை ராணுவத்துடையது இல்லை. ஹிட்லர் இளைஞர் படை போன்ற கட்சி அமைப்புகளுக்குச் செய்தது.

கையில் ஒரு உருப்பெருக்கி இருக்கட்டும். பழைய தோலில் வெடிப்பு ஓடியிருக்கும் இல்லையா? முத்திரை முதலில், வெடிப்பு பிறகு என்றால் எழுத்து அந்த இடத்தில் பிளந்து நிற்கும். மை வெடிப்புக்குள்ளேயே இறங்கியிருந்தால் முத்திரை நேற்று குத்தியது. அப்புறம் வார்த் துளைகளைப் பாருங்கள். அதிகம் பயன்பட்ட ஒரு துளை மட்டும் நீண்டு, அதன் மேல் பக்கிள் அழுத்திய தடம் இருக்க வேண்டும். எல்லாத் துளையும் ஒரே வட்டமாக இருந்தால், ஒன்று பை கிடங்கை விட்டு வெளியே வரவே இல்லை, அல்லது வார் புதிது. புற ஊதா விளக்கில் தையல் நூல் நீலமாகப் பளிச்சிட்டால் போருக்குப் பிந்தைய நூலாக இருக்கலாம். ஆனால் யாராவது இன்றைய சலவைத் தூளில் துவைத்திருந்தாலும் அப்படித்தான் மின்னும், அதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

போருக்குப் பிந்தைய பைகள் வேறு கதை. 8465-12 என்று தொடங்கும் எண் இருந்தால் அது மேற்கு ஜெர்மனியின் ராணுவமான பூண்டஸ்வேருடையது. பழுப்புத் துணியில் மழைக்கோடு போட்டது கிழக்கு ஜெர்மனி. ‘ஒரு கோடு, கோடில்லை’ என்று அந்தக் கோலத்தைக் கேலி செய்வார்கள். 1990-ல் நாடு ஒன்றானதும் அந்தப் படையின் சரக்கு மொத்தமாகச் சந்தைக்கு வந்தது. அதனால்தான் இன்றும் மலிவு.

சரி, விலை. சுவிஸ் பைக்கு 140 கொஞ்சம் அதிகம்தான். இணைய ஏலத்தில் கேட்கும் விலையைப் பார்க்காமல், விற்று முடிந்த விலைகளை மட்டும் ஒரு மாதம் குறித்து வாருங்கள். முடி கொட்டாத மூடி, அறாத வார், படிக்க முடிகிற முத்திரை, இந்த மூன்றும்தான் விலையைத் தூக்கும். தாத்தா சுமந்தார் என்ற கதைக்கு, கூடவே அவருடைய ராணுவப் புத்தகமோ கடிதமோ வராதவரை, ஒரு சென்ட் கூடச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். இன்னொன்று: ஸ்வஸ்திகா தெரியும் பொருளைப் பொதுவில் காட்டுவது ஜெர்மனியில் குற்றவியல் சட்டம் 86அ பிரிவில் மாட்டிவிடும். உங்கள் பையில் அந்தத் தொல்லை இல்லை.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். தோலைக் கறுப்பாக்கும், தையலில் ஊறும், சிக்கு வாடை வரும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். முடியைப் பூச்சி அரிக்கிற மாதிரி தெரிந்தால், காற்றுப் புகாமல் பிளாஸ்டிக்கில் கட்டி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பிரிக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும், இல்லையென்றால் தோலில் நீர் கோத்துக்கொள்ளும்.