எலியைக் காத்த முறிமருந்து மனிதரைக் காக்குமா?

கேள்வி: பூச்சிமருந்து நஞ்சுக்கான முறிமருந்துகளை எலிகளிடம் சோதித்துத்தான் ஏற்கிறார்கள். அங்கே நன்கு பலன் தந்த மருந்தும் மனிதரிடம் பொய்த்துப் போவது ஏன்? அப்படியானால் அந்த உயிர்களை வதைப்பது எதற்காக?
– வாசகி, திருவாரூர்

பதில்: பாரத்தியான், டைமீத்தோயேட் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து நஞ்சுகள், நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடுவதால், எச்சிலும் நுரையீரல் நீரும் பெருகி, தசைகள் தளர்ந்து, மூச்சு நின்றுபோகிறது. முறிமருந்துகளில் ஒன்றான அட்ரோபின் அந்த அசிட்டைல்கோலினின் விளைவுகளில் பலவற்றைத் தடுக்கிறது. 1955இல் அறிமுகமான பிராலிடாக்சிம் என்ற மற்றொரு முறிமருந்து, முடங்கிய நொதியையே விடுவிக்கிறது. ஆய்வகத்தில் இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, சாகடிக்கும் அளவைப் போலப் பல மடங்கு நஞ்சையும் விலங்குகள் தாங்கின.

ஆனால் இலங்கையில் அனுராதபுரம், பொலனறுவை மருத்துவமனைகளில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், அட்ரோபினுடன் பிராலிடாக்சிமும் பெற்ற 121 பேரில் 30 பேரும், அதற்குப் பதிலாக வெறும் உப்புநீர் பெற்ற 114 பேரில் 18 பேரும் இறந்தனர். இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்றாலும், மருந்து உயிர் காத்ததற்கான தடயம் அதில் இல்லை.

காரணம், சோதனை அமைந்த விதத்திலேயே இருக்கிறது. ஆய்வக எலிக்குத் தூய நஞ்சை அளந்து செலுத்தி, சில நிமிடங்களில் முறிமருந்தும் தருகிறார்கள். நோயாளியோ கடையில் விற்கும் கலவையைக் குடித்துவிட்டு, பல மணி நேரம் கழித்தே வருகிறார். டைமீத்தோயேட் வகை நஞ்சு பற்றிக்கொண்ட நொதியில் பாதி, ஏறத்தாழ நான்கு மணி நேரத்திலேயே மீட்க முடியாத நிலைக்கு இறுகிவிடுகிறது. மேலும், எலியின் குருதி நீரில் நிறைந்திருக்கும் கார்பாக்சில்எஸ்டரேஸ் என்ற நொதி நஞ்சில் ஒரு பகுதியைத் தானே பிடித்துக்கொள்கிறது. நம் குருதி நீரில் அது இல்லை.

ஆகவே, மருந்து செயல்படும் வழியை அறிய எலிச் சோதனை உதவும்; சிகிச்சைக்கு அதை உறுதிமொழியாகக் கொள்ளக் கூடாது என்பதே என் கருத்து. தாமதத்தையும், கடையில் விற்கும் கலவையையும் கணக்கில் எடுக்காமல் விலங்குகளைச் சாகவிடும் சோதனையை என்னால் ஏற்க முடியவில்லை.

மாறாக, எடின்பரோ ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், முழு மயக்கத்தில் வைத்த சிறுவகைப் பன்றிகளுக்கு விற்பனைக் கலவையையே கொடுத்துப் பார்த்தார்கள். டைமீத்தோயேட்டுடன் கலந்திருந்த சைக்ளோஹெக்சனோன் என்ற கரைப்பானும் நஞ்சின் கடுமைக்குப் பெரிய காரணம் என்பதும், கரைப்பானை மாற்றிய கலவையின் கடுமை வெகுவாகக் குறைகிறது என்பதும் அதில்தான் தெரிந்தன.