கொடிமலையில் குடியிருப்பவர்கள்

அன்புள்ள ஐயா,

பினாங்குத் தீவிலுள்ள கொடிமலையை (Penang Hill) பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, கடந்த பள்ளி விடுமுறையில் மனைவி, பிள்ளைகள், மாமனார், மாமியார் ஆகியோருடன் பினாங்குக்கு வந்திருந்தேன். நண்பகலில் மலை ஏறினோம். ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில் பாதிகூட நாங்கள் மேலே இருக்கவில்லை. கீழேயுள்ள ஜார்ஜ் டவுன் நகரம் முழுவதையும் மூடுபனி மறைத்திருந்தது. படம் எடுத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு ஐஸ் கச்சாங் சாப்பிட்டுவிட்டு இறங்கிவிட்டோம். தாங்கள் அதை ஓர் ஊரைப் போல எழுதியிருந்தீர்கள். அங்கே உண்மையில் யாராவது வாழ்கிறார்களா? விடுமுறைக் கூட்டம் போன பிறகு ஆண்டின் மற்ற மாதங்களில் அங்கே என்னதான் நடக்கிறது? மாமனார் மறுபடியும் போக வேண்டும் என்கிறார். எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

வாசகர், கெப்போங், கோலாலம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

தங்கள் மாமனாரின் விருப்பத்திற்கு என் ஆதரவை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். தாங்கள் பார்த்தது விடுமுறை நாளின் நண்பகலை. அந்த வேளையில் மலை தன்னைப் பார்க்க வந்தவர்களால் நிறைந்திருக்கும், அங்கேயே இருப்பவர்கள் கண்ணில் படமாட்டார்கள்.

காலை 6.30 மணிக்கு ஆயர் ஈத்தாம் அடிவார நிலையத்திலிருந்து புறப்படும் முதல் வண்டியில் ஏறிப் பாருங்கள். கடைகளில் வேலை செய்பவர்களும் தோட்டக்காரர்களும் துப்புரவுப் பணியாளர்களும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி விசாரித்துக்கொண்டு ஏறுவார்கள். அவர்களுடைய கால்களுக்கிடையே ரொட்டிப் பைகளும் காய்கறிக் கூடைகளும் இருக்கும். உச்சியில் காவல் நிலையம் இருக்கிறது. திருமுருகன் ஆலயமும் பள்ளிவாசலும் அருகருகே இருக்கின்றன. சரிவுகளில் தலைமுறைகளாகப் பயிர் செய்யும் குடும்பங்களின் தோட்டங்கள் இருக்கின்றன. இவற்றை ஊர் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

இந்த ஊர் உருவான விதம்தான் அதை நம் கண்ணிலிருந்து மறைக்கிறது என்பது என் எண்ணம். பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் 1786-இல் தீவுக்கு வந்து, 1788-இல் ஸ்ட்ராபெரி பயிரிடுவதற்காக மலைமேல் பாதை வெட்டச் செய்தார் என்பதிலிருந்து தொடங்கி, ஆளுநரின் பெல் ரெட்டிரோ மாளிகை, ஜார்ஜ் டவுனில் ஈ அண்ட் ஓ விடுதியை நடத்திய சார்க்கீஸ் சகோதரர்களின் கிராக் விடுதி என்று, வெயிலும் காய்ச்சலும் தாங்காத வெள்ளையர் ஓய்வெடுத்த கதையாகவே மலையின் வரலாறு எழுதப்பட்டுள்ளது. அவர்களை டோலியில் சுமந்து ஏறியவர்கள், அவர்களுக்குச் சமைத்தவர்கள், பாதையைச் செப்பனிட்டவர்கள் யார் என்று கேட்டால் அந்த வரலாற்றில் விடை சுருக்கமாகத்தான் கிடைக்கும். விருந்தினர் வந்து போனார்கள். மழைக்காலத்திலும் மலையில் தங்கியவர்கள் உழைத்தவர்களே. கிராக் விடுதிக் கட்டடமும் பிற்காலத்தில் பள்ளியாக மாறியது: 1955 முதல் 1977 வரை அப்லண்ட்ஸ் பள்ளியின் மாணவர்கள் அங்கேயே தங்கிப் படித்தார்கள்.

1923-இல் ஓடத் தொடங்கிய பழைய ரயிலில் சென்றவர்கள், நடு நிலையத்தில் இறங்கி வண்டி மாறி, வழியிலுள்ள சிறு நிலையங்களில் நின்று, ஏறத்தாழ அரை மணி நேரத்தில் உச்சியை அடைந்தார்கள். தோட்டத்து மனிதர்களும் ஊரிலிருந்து வந்தவர்களும் ஒரே பலகையில் அமர்ந்து பேச அந்த அரை மணி நேரம் இடம் கொடுத்தது. 2011 முதல் ஓடும் புதிய வண்டி இடையில் மாறாமல் சில நிமிடங்களில் மேலே சேர்த்துவிடுகிறது. முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அது பெரிய உதவி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வழியில் யார் வாழ்கிறார்கள் என்பதை வந்தவர் அறிவதற்கான வாய்ப்பு அதனால் குறைந்துவிட்டது. தாவரவியல் பூங்காவிலிருந்து கேபிள் கார் அமைக்கும் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கூடுதலாக எத்தனை பேரை மேலே கொண்டுசெல்லலாம் என்று கணக்கிடுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், மலையில் குடியிருப்பவர்களிடமும் அன்றாடம் நடந்து ஏறுபவர்களிடமும் கலந்துபேச வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

நடந்து ஏறுபவர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் ஆண்டு முழுவதும் இடைவிடாமல் நடக்கும் காரியம் அதுதான். தாவரவியல் பூங்காவிலிருந்து உச்சிக்குச் செல்லும் ஜீப் பாதை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர், செங்குத்தான தார்ச்சாலை. அதன் நடுவழியில் நடையர்கள் ‘84’ என்று குறிப்பிடும் இளைப்பாறும் இடம் உள்ளது. அங்கே தன்னார்வலர்கள், பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள், சுடுநீரும் தேநீரும் வைத்திருப்பார்கள். வருபவர் குவளையை எடுத்துக் குடித்து, தாமே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, விருப்பமிருந்தால் உண்டியலில் காசு போட்டுப் போவார். சீனப் பெரியவர் ஊற்றிக் கொடுக்க, மலாய் இளைஞரும் நம் தமிழ்ப் பெண்மணியும் வாங்கிக் குடித்தபடி முட்டி வலிக்கு எந்த எண்ணெய் நல்லது என்று பேசிக்கொள்வதை அங்கே கேட்கலாம். ஒற்றுமையைப் பற்றி மேடைகளில் கேட்கும் உரைகளைவிட எனக்கு அந்தப் பேச்சின்மீது நம்பிக்கை அதிகம்.

பருவங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சனவரி, பிப்ரவரி மாதங்கள் மழை குறைந்தவை. நடப்பதற்கும் தொலைவு வரை பார்ப்பதற்கும் ஏற்றவை. தைப்பூசமும் அப்போதுதான் வருகிறது: பூங்காவுக்கு அருகிலுள்ள தண்ணீர்மலையில் பாலதண்டாயுதபாணியைத் தரிசிக்க மக்கள் 513 படிகள் ஏறுவார்கள். ஆண்டின் நடுவில் சரிவுகளில் டுரியான் விழத் தொடங்கிவிடும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை கடும் மழை. 2017 நவம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் மலையில் பல இடங்களில் மண் சரிந்து, ரயில் நின்று, ஜீப் பாதையும் சேதமடைந்தது. பார்வையாளர்களுக்கு அது தள்ளிப்போன சுற்றுலா. மேலே குடியிருந்தவர்களுக்கோ அரிசியும் மருந்தும் எப்படி வரும் என்ற கவலை.

தங்களை ஏமாற்றிய மூடுபனிக்கும் காரணம் உண்டு. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைச் சரிவில் மோதி மேலேறும்போது குளிர்ந்து பனியாகிறது. உச்சி, ஊரைவிட ஏறத்தாழ ஐந்து பாகை செல்சியஸ் குளிர்ச்சியானது. அந்த ஈரத்தில்தான் மரக்கிளைகளில் பாசியும் பெரணியும் ஆர்க்கிடும் செழிக்கின்றன. யுனெஸ்கோ 2021 செப்டம்பரில் இம்மலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்ததற்குக் காரணமான மழைக்காடும் அந்த ஈரத்தில் வளர்ந்ததுதான். ஊர் தெரியாத நேரத்தில் மரங்களைப் பாருங்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள கருஞ்சாம்பல் இலைக்குரங்கின் மடியில் பொன்மஞ்சள் நிறக் குட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்கு அது பனி மூடிய ஜார்ஜ் டவுனைவிட நிச்சயம் பிடிக்கும்.

ஆகவே, பள்ளி விடுமுறையையும் வார இறுதியையும் தவிர்த்து, முடிந்தால் சனவரி இறுதியில் வாருங்கள். மாமனாரும் மாமியாரும் பிள்ளைகளோடு முதல் வண்டியில் ஏறி முருகன் ஆலயத்தில் காத்திருக்கட்டும். தாங்களும் தங்கள் மனைவியும் விடியும் முன்பே பூங்காவிலிருந்து நடக்கத் தொடங்கினால், இளைப்பாறும் நேரத்தையும் சேர்த்து மூன்று மணி நேரத்திற்குள் அவர்களோடு சேர்ந்துவிடலாம். குடிநீரும் மழைச் சட்டையும் கையில் இருக்கட்டும், குரங்குகளுக்கு எதையும் கொடுக்க வேண்டாம். இறங்கும்போது எல்லோரும் ரயிலிலேயே இறங்குங்கள், ஏனெனில் அந்தச் சாலையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்குக் கேடு.

அன்புடன்,
ஜார்ஜ் டவுனிலிருந்து