ஒரே செய்தி, இரண்டு மாப்பிள்ளைகள்

கேள்வி: நான் மும்பை முலுண்டில் வசிக்கும் ஓய்வு பெற்ற வங்கி ஊழியன். நாற்பது ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன். குறுகிய மனம் படைத்தவன் அல்லன். பக்கத்து வீட்டுக் கணபதிக்கு ஆண்டுதோறும் குடும்பத்தோடு போய் மோதகம் சாப்பிட்டு வருபவன். 28 வயதாகும் என் இளைய மகள், மும்பையை அடுத்த டோம்பிவ்லியைச் சேர்ந்த ஒரு மராட்டியப் பையனைத் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறாள். எடுத்த எடுப்பில் மறுக்காமல், ஏதாவது குறை இருந்தால் கண்டுபிடித்துச் சொல்லுமாறு அங்கிருக்கும் நண்பர் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தேன். பையன் இதுவரை மூன்று கம்பெனி மாறியிருக்கிறான், நிலையில்லாதவன். வீட்டின் மேல் கடன் இருக்கிறது. இரவில் வெகுநேரம் கழித்துத்தான் வீடு திரும்புகிறான். (சென்னையிலிருக்கும் என் மூத்த மாப்பிள்ளையும் மூன்று கம்பெனி மாறியவர்தாம். ஆனால் அவர் படிப்படியாக முன்னேறி இன்று மேலாளராக இருக்கிறார்.) இவற்றைச் சொன்னால், எனக்குக் 'கன்ஃபர்மேஷன் பயஸ்', அதாவது முன்பே முடிவு செய்ததற்கு ஒத்துவருவதை மட்டுமே பார்க்கும் மனச்சாய்வு, என்கிறாள் மகள். நடுநிலையாக இருக்கவே முயல்கிறேன். மனத்தை இன்னும் விசாலமாக்கிக்கொள்வது எப்படி?

பதில்: மோதகத்தை விட்டுவிடுவோம். அடைப்புக்குறிக்குள் ஒரு செய்தியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன்.

மூன்று கம்பெனி மாறிய ஒருவர் உங்களுக்கு நிலையில்லாதவர். மூன்று கம்பெனி மாறிய இன்னொருவர் முன்னேறியவர். மூத்த மாப்பிள்ளை ஒவ்வொரு முறை வேலையை மாற்றியபோதும் என்ன பதவிக்குப் போனார், சம்பளம் எவ்வளவு கூடியது என்பதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பீர்கள். டோம்பிவ்லிப் பையன் ஏன் மாறினான் என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள். ஒருவருடைய கதை முழுவதும் தெரிந்த பிறகு அவரை எடைபோட்டீர்கள். மற்றவரை எத்தனை கம்பெனி என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து எடைபோட்டு, அதற்கு விசாரணை என்று பெயரும் வைத்துவிட்டீர்கள்.

உங்கள் மகள் சொன்ன ஆங்கிலப் பெயர் கொண்ட இந்தக் குணம் உங்களுக்கு மட்டும் உரியதன்று. 1979ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மரண தண்டனையை ஆதரிக்கும் மாணவர்கள் 24 பேரையும் எதிர்ப்பவர்கள் 24 பேரையும் அழைத்து, அத்தண்டனை கொலைகளைக் குறைக்கிறது என்று காட்டும் ஓர் ஆய்வையும், குறைக்கவில்லை என்று காட்டும் இன்னோர் ஆய்வையும் படிக்கக் கொடுத்தார்கள். இரு தரப்பினரும் படித்தவை ஒன்றே. ஆயினும் அவரவர் கருத்துக்கு ஒத்துப்போன ஆய்வை நேர்த்தியானது என்றும், ஒத்துப்போகாததைக் குறைபாடுகள் நிறைந்தது என்றும் சொல்லிவிட்டு, தத்தம் நிலைப்பாட்டில் முன்னைவிட உறுதியாகி எழுந்துபோனார்கள். அந்த மாணவர்களுள் எவரும் தம்மை ஒருதலைப்பட்சமானவர் என்று எண்ணியிருக்க மாட்டார். நீங்களும் எண்ணவில்லை.

அடுத்து, உங்கள் நண்பர். குறை இருந்தால் கண்டுபிடிக்கச் சொன்னீர்கள், அவரும் கண்டுபிடித்தார், வேறென்ன செய்வார்? 1978இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பின் அறியாத ஒருவர் கலகலப்பானவர்தானா என்று சோதித்துப் பார்க்கச் சிலரிடம் சொன்னபோது, அவர்கள் பெரும்பாலும், விருந்து ஒன்றைக் களைகட்ட வைக்க என்ன செய்வீர்கள் என்பது போன்ற கேள்விகளையே தேர்ந்தெடுத்தார்கள். கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவர்கூட அதற்கு ஏதோ ஒரு பதில் சொல்வார். அந்தப் பதிலைக் கேட்பவருக்கு அவர் கலகலப்பானவராகவே தெரிவார். நீங்கள் கேட்ட கேள்வியும் அந்த வகையைச் சேர்ந்தது. கடன் வாங்காமல் முலுண்டிலோ டோம்பிவ்லியிலோ ஃபிளாட் வாங்கியவர் எத்தனை பேர் என்பது, வங்கியில் வாழ்நாளைக் கழித்த உங்களுக்குத் தெரியாததா? மாலை நேர லோக்கல் ரயிலில் டோம்பிவ்லிக்குப் பயணம் செய்பவன் எத்தனை மணிக்கு வீடு சேர்வான் என்பதும் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டையும் குற்றப் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள்.

மகளின் திருமண விஷயத்தில் விசாரிப்பது தகப்பனின் கடமை என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. பெண் விரும்பிவிட்டாள் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டும் பெற்றோரை நான் மெச்சியதில்லை. அதைச் சுதந்திரம் என்று சொல்வோரோடு எனக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் நம் வீடுகளில் வரன் விசாரித்த பெரியவர்கள் குடும்பம் எப்படி, குணம் எப்படி என்று இருபுறமும் கேட்டு வந்தார்கள். குறையை மட்டும் தேடிவர ஆளனுப்புவது மறுப்பதற்குச் சாட்சி சேர்க்கும் வேலை.

நடுநிலையாக இருக்க முயல்கிறேன் என்கிறீர்கள். முயற்சி மட்டும் போதாது என்பதும் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. மேலே சொன்ன மரண தண்டனை ஆய்வைச் செய்தவர்களுள் இருவர், இன்னொருவரோடு சேர்ந்து 1984இல் அதே சோதனையை மீண்டும் நடத்தினார்கள். பாரபட்சமில்லாமல் நீதிபதியைப் போலப் படியுங்கள் என்று சிலரிடம் சொல்லிப் பார்த்தார்கள், பயனில்லை. இதே ஆய்வு எதிரான முடிவைத் தந்திருந்தாலும் இதே மதிப்பைத்தான் கொடுத்திருப்பீர்களா என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று வேறு சிலரிடம் சொன்னார்கள். சாய்வு வெகுவாகக் குறைந்தது. மனத்தை விசாலமாக்கும் வழி கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த உருப்படியான வழி இதுதான். நண்பர் கொண்டுவந்த ஒவ்வொரு செய்தியையும் மூத்த மாப்பிள்ளையின் பெயரில் எழுதிப் பாருங்கள். அவர் பெயரில் வரும்போது எது சாதாரணமாகத் தோன்றுகிறதோ, அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

பிறகு, எந்தெந்த விவரங்கள் சரியாக இருந்தால் சம்மதிப்பேன் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தப் பையனைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். பார்த்த பிறகு எழுதினால் மனம் அதற்கேற்ப நிபந்தனையை வளைத்துக்கொள்ளும். எழுத ஒன்றும் தோன்றவில்லை என்றால், கம்பெனி மாறியதும் கடனும் காரணங்களே அல்ல என்று பொருள். மராட்டியப் பையன் வேண்டாம் என்பதுதான் காரணம் என்றால், அதை மகளின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். நான் அதை ஏற்க மாட்டேன், ஆனால் அதில் நாணயமாவது இருக்கும். அவள் உங்கள் சம்மதத்துக்காகக் காத்திருக்கிறாள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி 30 நாள் நோட்டீஸ் கொடுத்துப் பதிவுத் திருமணம் செய்துகொள்ள, 28 வயதுப் பெண்ணுக்கு உங்கள் கையெழுத்து தேவையில்லை. அந்த மரியாதைக்கு மூன்றாம் மனிதரின் ஒற்றுவேலை தக்க பதிலன்று.

மகளுக்கும் ஒரு வார்த்தை. தகப்பனாரிடம் ஆங்கிலத்தில் ஒரு பெயரைச் சொல்லி வாயடைப்பது வாதமாகாது. பையனைப் பற்றி நல்லதை மட்டுமே திரட்டி வைத்திருந்தால் அந்தப் பெயர் அவளுக்கும் பொருந்தும்.

இத்தனை எழுதிய நீங்கள் உங்கள் மனைவியின் கருத்தைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. அவரையும் அழைத்துக்கொண்டு, நண்பரை விட்டுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை டோம்பிவ்லிக்கு நீங்களே போங்கள். வேலை மாறியதற்கான காரணத்தையும் கடனின் தவணையையும் பையனிடமே கேளுங்கள்; கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. குடியோ, சூதோ, மறைத்த செய்தியோ தெரியவந்தால், அழுத்தந்திருத்தமாக முடியாது என்று சொல்லுங்கள். அப்போது மகள் எனக்குக் கடிதம் எழுதினால், உங்கள் பக்கம் நின்றே பதில் எழுதுவேன்.