அம்மாவின் மடிக்கு ஒரு சீல் குட்டி?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். அம்மாவுக்கு 78 வயது, மறதிநோய். கோவையில் அண்ணிதான் பார்த்துக்கொள்கிறார். சாயங்காலம் ஆனாலே 'வீட்டுக்குப் போகணும்' என்று அம்மா பதறுகிறார். பாரோ என்ற, சீல் (கடல்நாய்) குட்டி வடிவிலான பொம்மை ரோபோவை வாங்கி அனுப்பலாமா?

பதில்: முதலில் ஒரு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி, இவற்றால்கூட இந்தப் பதற்றம் கூடும்.

பாரோ நல்ல கருவிதான். ஜப்பானில் தகனோரி ஷிபாடா உருவாக்கியது. தடவினால் சிணுங்கும், குரல் வந்த பக்கம் திரும்பும். நாய், பூனை என்றால் நிஜத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்; சீல் குட்டியோடு பழகியவர்கள் எத்தனை பேர்? அதனால்தான் அந்த உருவம். 2009இல் அமெரிக்கா இதை மருத்துவக் கருவியாக ஏற்றது. விலை சுமார் 6,000 டாலர்.

அவ்வளவு செலவழிக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 28 முதியோர் இல்லங்களில் 415 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2017இல் வெளியானது. சிலருக்கு இயங்கும் பாரோ, சிலருக்கு இயக்கத்தை நிறுத்திவைத்த அதே பொம்மை, மற்றவர்களுக்கு வழக்கமான பராமரிப்பு. இயங்கும் பாரோவோடு அதிகம் பேசினார்கள், அதிகம் பார்த்தார்கள். ஆனால் பதற்றத்தைத் தணிப்பதில் வெறும் பொம்மை அதிகம் பின்தங்கிவிடவில்லை.

அதனால் முதலில் மெத்தென்ற ஒரு பொம்மையை வைத்துப் பாருங்கள். அம்மா அதைத் தடவுகிறாரா, தாலாட்டுகிறாரா? அப்படியென்றால் அப்புறம் பேட்டரியில் இயங்கும் பொம்மைப் பூனை ஒன்றை வாங்கலாம். பாரோவைவிடப் பல மடங்கு மலிவு. திடீரென்று மடியில் வைக்காதீர்கள். பதற்றம் தொடங்குவதற்கு முன், மேசைமேல் வைத்து, "இது எப்படி இருக்கு, அத்தை?" என்று அண்ணி கேட்கட்டும். கால் மணி நேரம் போதும், அந்த ஆய்விலும் அவ்வளவுதான். பயந்தால் உடனே எடுத்துவிடுங்கள். "இதுக்கு உயிர் இருக்கா?" என்று கேட்டால், "பொம்மைதான், தொட்டுப் பாருங்க" என்றே சொல்லட்டும். ஏமாற்ற வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் அண்ணியைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. எனக்கு அதுதான் உறுத்துகிறது. எந்த ரோபோவும் அம்மாவைக் குளிப்பாட்டாது, இரவில் மூன்று முறை எழுந்து கழிப்பறைக்குக் கூட்டிப்போகாது. அதைச் சார்ஜ் போடுவதும் துடைத்து வைப்பதும் அண்ணியின் தலையில்தான் விழும். அந்தப் பணத்தில் மாலை 4 முதல் 8 மணி வரை ஓர் உதவியாளரை அமர்த்துங்கள். இன்று அண்ணிக்கு ஃபோன் செய்து, அவர் கடைசியாக எப்போது நிம்மதியாகத் தூங்கினார் என்று கேளுங்கள்.