கல்வி என்பதன் பொருள் காலத்துக்குக் காலம் மாறுகிறதா? இன்று அது வெறும் மதிப்பெண்தானா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று தவிக்கும் பெற்றோராக இருப்பீர்கள் என்றே தோன்றுகிறது. கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வரும் எனக்கு, இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

மனப்பாடத்தால்தான் கல்வி கெட்டது என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த என் பாட்டனார், வீசம் 1/16, மா 1/20, காணி 1/80 என்று தொடங்கி அத்தனை வாய்பாடுகளையும் மணலில் எழுதி, உரக்கச் சொல்லி மனத்தில் ஏற்றிக்கொண்டவர்; பின்னாளில் ஈரோட்டு மஞ்சள் மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தபோது, தாளைத் தொடாமலேயே எடைக்கு விலை சொன்னார். மனப்பாடம் செய்தது அவருக்கு வாழ்நாள் முழுவதும் கை கொடுத்தது. அந்தத் திண்ணையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உட்கார முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் தந்தையார் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறி அரசு வேலைக்குப் போவதே கல்வி என்றானது. அதிலும் நான் குறை காணவில்லை.

எங்கள் பகுதியில் கல்வியின் பொருளை அடியோடு புரட்டியது, பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் மதிப்பெண். 2007-இல் நுழைவுத் தேர்வு நீக்கப்பட்ட பின், பன்னிரண்டாம் வகுப்புக் கணித மதிப்பெண்ணை 100-க்கும், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50-க்கும் சுருக்கிக் கூட்டிய 200 ஒன்றே பொறியியல் இடத்தைத் தீர்மானித்தது. நுழைவுத் தேர்வை நீக்கியது தவறு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நகரத்துப் பயிற்சி மையங்களுக்குப் போக வழியில்லாத கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய கதவைத் திறந்தது. ஆனால் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் பலவற்றில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே நடத்தும் வழக்கம் அப்போதுதான் வேரூன்றியது.

அப்படி வந்த ஒரு மாணவனை என்னால் மறக்க முடியாது. குமாரபாளையத்து விசைத்தறிக் குடும்பத்துப் பையன், கணிதத்தில் சென்டம். எந்தச் சார்பைக் (function) கொடுத்தாலும் நொடியில் வகையிட்டு, அதன் வகைக்கெழுவைச் (derivative) சொல்லிவிடுவான். அந்த வகைக்கெழு எதை அளக்கிறது என்று ஒருநாள் கேட்டபோது எழுந்து நின்று, “இது எந்தச் சாப்டருங்க மேடம்? எத்தனை மார்க்குங்க?” என்றான். அவனைக் கோபித்து என்ன பயன்? அன்றைய பாடத்திட்டத்தில் வகை நுண்கணிதம் தொடங்குவதே பதினொன்றாம் வகுப்பில்தான். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்தது, தலைப்பே சொல்வதுபோல, அதன் பயன்பாடுகள். எல்லை (limit) என்ற அடிப்படைக் கருத்தையே பார்க்காத பிள்ளைக்குப் பயன்பாட்டை மட்டும் ஈராண்டுகள் திரும்பத் திரும்பத் தேர்வு வைத்துப் புகட்டியிருக்கிறார்கள்.

பழைய பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மாலை வேளைகளில் அவனுடன் உட்கார்ந்தேன். பிறகு அவனைப் போன்ற இன்னும் சிலரும் வந்து சேர்ந்தார்கள். வகைக்கெழு அளப்பது மாறுவீதத்தை, அதாவது ஒன்று மாறும் வேகத்தை என்று பேசிக்கொண்டிருந்தபோது அவனே தறியை எடுத்தான். நெய்த துணி சுற்றிக்கொள்ளும் உருளை முதலில் மளமளவென்று பருக்கும், போகப் போகத் துணி அதே வேகத்தில் சுற்றினாலும் பருப்பது தெரியாது, அது ஏன் என்று கேட்டான். ஆரம் கூடக் கூட, ஆரம் வளரும் வேகம் அதற்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்பதைக் கரும்பலகையில் அவனே வருவித்தான். சிறு வயதிலிருந்து கண்ணெதிரே சுழன்ற ஒன்றை, சென்டம் வாங்கிய பிறகும் அவன் கணிதமாகப் பார்த்ததில்லை. அவனைப் பார்க்க விடாமல் செய்தவர்கள்மீது எனக்கு இன்றும் ஆறாத கோபம் உண்டு.

அந்தப் பள்ளிகளால்தான் எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி வந்தார் என்று சிலர் சினத்துடன் கேட்கலாம். உண்மைதான், மறுக்கவில்லை. கல்லூரிகளும் யோக்கியம் இல்லை: நான் முன்பு பணியாற்றிய கல்லூரியில், கோடை விடுமுறையில் ஆசிரியர்களை ஊர் ஊராக அனுப்பி, இத்தனை சேர்க்கை கொண்டுவந்தால்தான் சம்பளம் என்றார்கள். பாடம் எடுக்க வேண்டியவரைத் தரகராக்கிய பிறகு, மாணவனிடம் மட்டும் கற்கும் ஆர்வத்தை எப்படி எதிர்பார்ப்பது?

2017-இல் பொதுத்தேர்வுத் தரவரிசை அறிவிப்பு நிறுத்தப்பட்டதும், அந்தக் கல்வியாண்டிலேயே பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்ததும் எனக்கு ஆறுதலாக இருந்தன. 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தப் பொதுத்தேர்வை நீக்கியிருக்கிறது. பிள்ளைகளின் சுமை குறையும் என்பது சரியே. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கும் பழைய வழக்கம் திரும்பிவிடுமோ என்ற அச்சமும் எனக்கு இருக்கிறது.

ஆகவே பள்ளியின் விளம்பரப் பலகையையும் விடுதி வசதியையும் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். இப்போது அங்கே பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு மாணவனிடம் அவனுடைய கணித நோட்டை வாங்கிப் பாருங்கள். அதில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் இருந்தால், அங்கே சேர்க்காதீர்கள்.