காட்டைப் பற்றி எழுத யார் பணம் தருவார்கள்?

வளரும் நாடுகளில் பல்லுயிர்ப் பெருக்கம், இயற்கைக் காப்பு பற்றி எழுதும் செய்தியாளர்களுக்குக் கிடைக்கும் நிதியுதவி குறித்து வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும்.

கேள்வி: நான் எந்த நாளிதழிலும் பணியில் இல்லை. மழைக்காடு அழிப்பு பற்றி எழுத யாரிடம் நிதி கேட்கலாம்?

முதல் முயற்சிக்கு, ஒரு கட்டுரைக்கென்று தரப்படும் சிறிய நல்கைகளே (நிதியுதவிகளே) ஏற்றவை. செய்தி ஊடகங்களுக்கு உதவும் இன்டர்நியூஸ் அமைப்பு 2004-இல் தொடங்கிய எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க், வட்டாரத்துக்கும் கருப்பொருளுக்கும் ஏற்ப அவ்வப்போது இத்தகைய நல்கைகளை அறிவிக்கிறது. ஆர்க்கேடியா அறக்கட்டளையின் ஆதரவோடு பல்லுயிர் செய்திகளுக்கென்றே ஒரு திட்டத்தையும் அது நடத்தியிருக்கிறது. செய்தியாளர்களுக்கு நிதி தரும் அமெரிக்க அமைப்பாக 2006-இல் உருவான புலிட்சர் மையம், நார்வே அரசின் நிதியோடு 2018-இல் மழைக்காட்டு இதழியல் நிதியத்தைத் தொடங்கியது. அமேசான், காங்கோ படுகை, தென்கிழக்கு ஆசியா ஆகிய மூன்றும்தான் அந்த நிதியத்தின் களங்கள். உங்கள் காடு இவற்றுக்கு வெளியே இருந்தால் அந்தக் கதவைத் தட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மோங்காபே போன்ற சூழல் செய்தித் தளங்கள் நல்கை தருவதற்குப் பதிலாகக் கட்டுரைக்கு ஊதியம் தருகின்றன. அங்கே இரண்டு மூன்று கட்டுரைகள் வெளியாகியிருந்தால், பிறகு எழுதும் எந்த விண்ணப்பத்துக்கும் அவையே சான்று.

பல அறிவிப்புகள் ஆண்டு முழுவதும் திறந்திருக்காது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபின் இன்டர்நியூஸ் உட்படப் பல அமைப்புகளின் வருவாய் பெரிதும் சுருங்கிவிட்டது. பழைய தொகைகளையும் தேதிகளையும் நம்பாமல், இப்போதுள்ள அறிவிப்பை முழுதாகப் படியுங்கள்.

கேள்வி: 'அலையாத்திக் காடுகள் அழிகின்றன' என்று விண்ணப்பித்தேன். இரண்டு முறையும் நிராகரித்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. எங்கே தவறு?

பொருள் நல்லதுதான், ஆனால் அதில் செய்தி இல்லை. யார் என்ன வாக்குக் கொடுத்தார்கள், அது நடந்ததா, அதை நீங்கள் எப்படி நிறுவுவீர்கள் என்பதைத்தான் தேர்வுக்குழு தேடுகிறது.

இப்படி மாற்றிப் பாருங்கள்: துறைமுகத்துக்காக வெட்டிய காட்டுக்கு ஈடாக வேறோர் இடத்தில் கன்று நடுவதாக ஒரு நிறுவனம் உறுதி கூறியது. எத்தனை நட்டார்கள்? எத்தனை பிழைத்தன? நட்ட இடம் அலையாத்தி வளரக்கூடிய இடம்தானா? இந்த மூன்றாவது கேள்வியில்தான் உயிர் இருக்கிறது. யாரும் உரிமை கோராத தாழ்ந்த சேற்றுப்பரப்பில் நடுவது நிர்வாகத்துக்கு எளிது. ஆனால் அங்கே நீர் வடியாமல் நெடுநேரம் தேங்கி நிற்பதால் கன்றுகள் மடிந்துபோகின்றன. நடவு தோற்பதற்கு இது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட காரணம்.

அடுத்தது சான்று. சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 2015 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு புள்ளி 10 மீட்டர் அகல நிலத்தைக் குறிக்கும் அந்தப் படத்தில் வெட்டப்பட்ட காடு தெரியும், இளங்கன்று தெரியாது. கன்றுகளை நேரில் போய்த்தான் எண்ண வேண்டும். எதற்குப் பணம் கேட்கிறீர்கள் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை.

காட்டுயிர் வணிகம் பற்றிய செய்தி என்றால், அந்த வணிகத்தை ஒழுங்குபடுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையான சைட்டிஸின் வணிகத் தரவுத்தளம் உதவும். ஏற்றுமதி நாடு சொன்ன எண்ணிக்கையும் இறக்குமதி நாடு சொன்னதும் ஒத்துப்போகாத இடங்கள் நல்ல துப்பு. ஆனால் அதையே கடத்தலுக்குச் சான்றாக விண்ணப்பத்தில் எழுதிவிடாதீர்கள். ஒரு நாடு கொடுத்த அனுமதிச் சீட்டுகளைக் கணக்கிட்டிருக்கும், இன்னொன்று உண்மையில் வந்த சரக்கைக் கணக்கிட்டிருக்கும். ஆண்டிறுதியில் கிளம்பிய சரக்கு அடுத்த ஆண்டில் பதிவாகும். ஒரு நாடு கிலோவில் எழுதியதை மற்றது எண்ணிக்கையில் எழுதியிருக்கும். இந்த வேறுபாடுகளை அறிந்தவர் என்று காட்டினாலே உங்கள் மேல் நம்பிக்கை பிறக்கும்.

உங்கள் கட்டுரையை வெளியிட இசையும் இதழாசிரியரின் கடிதத்தையும் கவனியுங்கள். 'இவரை ஆதரிக்கிறோம்' என்ற ஒற்றை வரி போதாது. எந்த மாதம், என்ன நீளத்தில், எந்த மொழியில் வெளியிடுவார்கள், வழக்கு வந்தால் பொறுப்பு யாருக்கு என்பவை அதில் இருக்க வேண்டும்.

கேள்வி: செலவுக் கணக்கைக் குறைத்துக் காட்டினால் நல்கை கிடைக்கும் வாய்ப்புக் கூடுமா?

இல்லை. களம் தெரியாதவர் என்றுதான் நினைப்பார்கள். படகு என்றால் வாடகை வேறு, எரிபொருள் வேறு, படகோட்டியின் கூலி வேறு. மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். வானிலை கெட்டுக் காத்திருக்கும் நாட்களுக்கும் தங்குமிடமும் உணவும் வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்கும் ஊர் வழிகாட்டிக்கும் அவர்கள் உழைத்த நாளுக்குக் கூலி கொடுப்பது முறை. பேட்டிக்குப் பணம் கொடுப்பது முறையல்ல.

பலரும் விட்டுவிடுவது மூன்று: தங்கள் சொந்த உழைப்புக்கான ஊதியம், வங்கி மாற்றுக் கட்டணமும் நாணய மதிப்பு இழப்பும், காப்பீடு. எதிர்பாராச் செலவுக்கு 10 சதவீதம் ஒதுக்குங்கள், விதிகள் அனுமதித்தால். கேமரா வாங்கப் பெரும்பாலும் பணம் தரமாட்டார்கள், வாடகைக்கு எடுப்பதாகக் காட்டலாம். நல்கையின் ஒரு பகுதி பெரும்பாலும் கட்டுரை வெளியான பிறகே வரும் என்பதால், முன்தொகைக்குள் களப்பயணம் முடியுமா என்று கணக்குப் போட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கேள்வி: ஒரு காட்டுயிர்க் காப்பு அமைப்பே செலவை ஏற்றுக் காட்டுக்குள் அழைத்துப்போகிறது. ஏற்கலாமா?

அந்த அமைப்பைப் பற்றிய செய்திக்கு ஏற்கக் கூடாது என்பதே எங்கள் கருத்து. 2019-இல் பஸ்ஃபீட் நியூஸ் வெளியிட்ட புலனாய்வு, உலகளாவிய காட்டுயிர்க் காப்பு அமைப்பான டபிள்யூ.டபிள்யூ.எஃப்.-இன் நிதியுதவி பெற்ற காவலர்கள் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஊர்மக்களைத் துன்புறுத்தியதாகக் கூறப்பட்ட குற்றச்சாட்டுகளை வெளிக்கொணர்ந்தது. அமைப்பின் வண்டியில், அமைப்பின் காவலர் துணையோடு போகிறவரிடம் அந்த ஊர்க்காரர்கள் வாய் திறப்பார்களா? 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைக் காப்பது என்று 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. யாருடைய நிலம் அந்தக் கணக்கில் சேர்கிறது என்று கேட்க, யாருக்கும் கடன்படாத செய்தியாளர்கள் வேண்டும்.

வேறு வழியே இல்லாமல் ஏற்க நேர்ந்தால், வெளியிடும் முன் பிரதியைக் காட்டமாட்டீர்கள் என்பதற்கு அமைப்பின் ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள். யார் செலவில் போனீர்கள் என்பதைக் கட்டுரையிலேயே சொல்லிவிடுங்கள். இந்த இரண்டும் நல்கை தரும் எல்லோருக்கும் பொருந்தும்.

கேள்வி: வெளிநாட்டுப் பணம் வாங்குவதில் சட்டச் சிக்கல் உண்டா?

நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவின் 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் பிரிவு 3, பதிவு பெற்ற செய்தித்தாளின் செய்தியாளர், பத்தி எழுத்தாளர், ஆசிரியர் போன்றோர் வெளிநாட்டுப் பங்களிப்புப் பெறுவதைத் தடுக்கிறது. ஊதியம் போன்ற சிலவற்றுக்குப் பிரிவு 4 விலக்குத் தருகிறது. உங்கள் ஒப்பந்தம் நன்கொடையா, செய்த வேலைக்கான ஊதியமா என்பதைப் பணம் கணக்கில் ஏறும் முன்பே இத்துறை தெரிந்த கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நல்கை கிடைத்துவிட்டது. ஆனால் வனத்துறை அனுமதி வரவில்லை, மழைக்காலமும் நெருங்குகிறது. பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

அவசியமில்லை. கெடு முடிவதற்கு முன்பே காரணத்தோடு மின்னஞ்சல் எழுதி, கூடுதல் பணம் கேட்காமல் கால நீட்டிப்பு மட்டும் கேளுங்கள். அனுமதிக்கு விண்ணப்பித்த தேதிக்கான சான்றையும் இணையுங்கள். பெரும்பாலும் ஏற்பார்கள். கெடு போனபின் வரும் விளக்கத்தையும், கேட்காமல் வேறு காட்டுக்குப் போய் எழுதிய கட்டுரையையும் ஏற்பது அரிது. இடைப்பட்ட காலத்தில் ஆவணங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள், காட்டுக்கு வெளியே இருப்பவர்களின் பேட்டிகள் ஆகியவற்றை முடித்து வையுங்கள். அதற்கான ரசீதுகளையும் தேதியோடு சேர்த்துவிடுங்கள்.